கைநாட்டும் ஒரு சாஸ்திரம்

"ஒரு விஞ்ஞானியின் படம் வரை" என்று சொல்லி, உங்கள் வீட்டுக் குழந்தையின் கையில் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள். என்ன படம் வரும் என்பதை நாமே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். தலைமயிர் நாலா திசையிலும் சிலிர்த்து நிற்கும். மூக்கின்மேல் கனமான கண்ணாடி. முழங்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கி. கையில் ஒரு குடுவை. அதிலிருந்து குபுகுபுவென்று புகை. அந்த மனிதர் அநேகமாய் ஆண்பிள்ளையாகத்தான் இருப்பார். அவருக்கு மனைவி மக்கள், அடுப்பங்கரை, ரேஷன் கார்டு முதலிய லௌகிக பந்தங்கள் எவையும் இருப்பதாகத் தெரியாது.

இது நம் ஊர்க் குழந்தைகளின் குறை மட்டும் அல்ல. சேம்பர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1966 முதல் 1977 வரை பதினோரு ஆண்டு காலம் இதே வேலையாக இருந்தார். பெரும்பாலும் மேல்நாட்டைச் சேர்ந்த 4,807 குழந்தைகளை விஞ்ஞானியின் படம் வரையச் செய்து, முடிவுகளை 1983-ல் வெளியிட்டார். அத்தனை படங்களில் பெண் விஞ்ஞானியின் படம் எத்தனை தெரியுமா? இருபத்தெட்டு! அந்த இருபத்தெட்டையும் வரைந்தவர்கள் சிறுமிகளே. சிறுவன் ஒருவனுக்குக்கூட ஒரு பெண்மணி விஞ்ஞானியாய் இருக்கக் கூடும் என்று தோன்றவில்லை. அமெரிக்காவில் அதற்குப் பின் நடந்த இத்தகைய சோதனைகளை எல்லாம் 2018-ல் ஒன்று திரட்டிப் பார்த்தார்கள். 1980-களுக்குப் பிறகு சராசரியாக நூற்றுக்கு 28 குழந்தைகள் பெண் விஞ்ஞானியை வரைந்திருந்தனர். ஆகவே மனத்தில் பதிந்த படம் மாறக் கூடியதுதான். தானாக மாறுவதில்லை, அவ்வளவே.

இந்த விஷயம் நமக்கு எம்.கே.பி. நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நினைவுக்கு வந்தது.

எட்டுப் படங்கள்

பேசின் பிரிட்ஜைக் கடந்து, வியாசர்பாடியை அடுத்து இருப்பது எம்.கே.பி. நகர். மூன்று எழுத்தாய்ச் சுருங்கிப் போனதால், அதன் முழுப் பெயர் மகாகவி பாரதி நகர் என்பதையே அநேகர் மறந்துவிட்டார்கள். பாரத தேசத்தில் சாஸ்திரங்கள் செழிக்க வேண்டும் என்று கனவு கண்ட கவிஞரின் பெயரைத் தாங்கிய பேட்டை அது. ஆனால் சினிமாக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அவர்களுக்கு வட சென்னை என்றால் அரிவாள். வியாசர்பாடி என்றால் அடிதடி. அங்கே விடியற்காலையில் எழுந்து துறைமுகத்துக்கும், எண்ணூர் ஆலைகளுக்கும், காசிமேட்டு மீன் துறைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பது திரையில் தெரிவதில்லை.

அங்கே நமது நண்பர் ஒருவர் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாலை நேரத்தில் அக்கம் பக்கத்துக் குழந்தைகள் அவர் வீட்டு மாடியில் கூடிப் பாடம் படிப்பது வழக்கம். அன்று எட்டுக் குழந்தைகள் இருந்தார்கள். மேலே சொன்ன சோதனையை நாம் நடத்திப் பார்த்தோம். எட்டுப் படங்களில் ஆறு, சிலிர்த்த தலைமயிரும் புகையும் குடுவையுமே. ஒன்றில் ராக்கெட்டின் பக்கத்தில் அப்துல் கலாம் நின்றார். அவருடைய தலைமயிரை வைத்து நாம் அடையாளம் கண்டுகொண்டோம். எட்டாவது படம் ஒரு சிறுமி வரைந்தது. அதிலும் மீசையோடு ஓர் ஆண்மகனே நின்றார்.

"ஏனம்மா, பெண்பிள்ளை ஒருத்தியை வரையக் கூடாதா?" என்று கேட்டோம்.

"விஞ்ஞானின்னா இப்படித்தானே சார் இருப்பாங்க?" என்றாள் அவள், நமது அறியாமைக்கு இரங்கியவள் போல.

காணாமற் போன ரோஸ் மில்க்

இந்தச் சமயத்தில் ஒரு சம்பவம் நடந்தது. நமக்கென்று நண்பரின் மனைவி ஒரு கண்ணாடி டம்ளரில் ரோஸ் மில்க் கலந்து கூடத்து அலமாரியில் வைத்திருந்தார். எடுக்கப் போனால் டம்ளர் மட்டும் இருக்கிறது; உள்ளே இருந்தது இல்லை!

குழந்தைகள் ஒரே குரலாய் ஒரு பையனைச் சுட்டிக் காட்டினார்கள். "அவன்தான் சார்! எப்பவும் அவன்தான்!"

அந்தப் பையன் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. தலையைக் குனிந்து தன் கால் விரல்களையே பார்த்துக் கொண்டிருந்தான். பலமுறை குற்றம் சாட்டப்பட்டு, பேசிப் பயனில்லை என்று கண்டுகொண்டவனின் மௌனம் அது. பத்து வயதுப் பையனிடம் அந்த மௌனத்தைக் கண்டபோது நமக்கு மனம் சங்கடப்பட்டது.

"சரி, டம்ளரையே கேட்போம்" என்றோம்.

ஒரு பென்சிலின் கரியைப் பிளேடால் மெல்லச் சுரண்டிப் பொடியாக்கினோம். சாயம் தீட்டும் மெல்லிய தூரிகையால் அந்தப் பொடியை டம்ளரின்மேல் பட்டும் படாமலும் தடவினோம். மாயம் போல் விரல் ரேகைகள் எழும்பி வந்தன! நமது விரல் நுனியில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் எப்போதும் சிறிது உண்டு. தொட்ட இடத்தில் அது ரேகையின் வடிவில் படிகிறது. கரிப்பொடி அந்தப் பசையில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் ஒட்டு நாடாவை அழுத்தி எடுத்து வெள்ளைக் காகிதத்தில் பதித்தால் ரேகை கைக்கு வந்துவிடும்.

பிறகு குழந்தைகளின் கட்டை விரல் ரேகைகளையும் அவ்வாறே எடுத்தோம். நம் பாட்டிமார் குழந்தையின் விரலைப் பிடித்துச் சங்கு இருக்கிறதா, சக்கரம் இருக்கிறதா என்று பார்ப்பது உண்டல்லவா? ரேகை நிபுணர்கள் பார்ப்பதும் ஏறக்குறைய அதுவேதான். ரேகைகள் வட்டமாய்ச் சுழன்றால் சுழி. ஒரு பக்கமாய்ப் புகுந்து அதே பக்கமாய்த் திரும்பினால் கண்ணி. மேடு போல் எழும்பி மறுபக்கம் இறங்கினால் வில். உலக மக்களின் விரல்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் கண்ணிகள், முப்பதுக்கு மேல் சுழிகள், வில் ஐந்து விழுக்காடு அளவே. பாட்டிமார் சாஸ்திரம் வருங்காலத்தைச் சொல்லும் என்பார்கள். இந்தச் சாஸ்திரமோ சென்ற காலத்தைச் சொல்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்!

டம்ளரில் இருந்தது கண்ணி. அதன் குறுக்கே ஒரு பழைய தழும்பின் கோடு. குற்றம் சாட்டப்பட்ட பையனின் கட்டை விரலிலோ அழகான சுழி. மற்றக் குழந்தைகள் எவருடைய விரலும் பொருந்தவில்லை. நண்பரின் மனைவியின் ரேகையும் டம்ளரில் இருந்தது. ஆனால் கலந்து வைத்தவர் அவரே ஆகையால் அதைத் தள்ளிவிட்டோம். சபை திகைத்தது. அப்போது மீசைக்கார விஞ்ஞானியை வரைந்த அந்தச் சிறுமி மெல்லச் சொன்னாள்:

"தாத்தா விரலை மட்டும் இன்னும் பாக்கலியே, சார்!"

நண்பர் அவசரமாய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு என்ற பேச்சே வீட்டில் கூடாது என்பது வைத்தியர் உத்தரவு. இதற்கு மேல் நாம் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய இல்லத்தரசி அவரைப் பார்த்த பார்வையை வருணிக்க நம் பேனாவுக்குச் சக்தி இல்லை.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அந்தப் பையன் முதல் முறையாக வாயைத் திறந்தான். "நான் சொன்னா நம்பல சார். டம்ளர் சொன்னா நம்புறாங்க" என்றான்.

தடய விஞ்ஞானம் எதற்காக என்று யாராவது கேட்டால், இந்த ஒரு வாக்கியமே போதும் என்று நமக்குத் தோன்றுகிறது. சந்தேகம் வேறு, சான்று வேறு. சந்தேகம் மனிதனின் முகத்தையும் பேட்டையையும் பழைய பெயரையும் பார்க்கிறது. சான்றுக்கு அவை ஒன்றும் தெரியாது. பேட்டையின் பெயரைச் சொன்னதுமே புருவங்கள் உயர்வதைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு ஒரு பாடம் மட்டும் அல்ல, ஒரு கவசமும் ஆகும்.

நம்மவர் கண்ட வித்தை

விரல் ரேகைச் சாஸ்திரம் மேல்நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. அது வளர்ந்த இடம் நமது பாரத நாடு என்பதை ஒவ்வொரு குழந்தையும் அறிய வேண்டும். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் அதிகாரி, சாலை போடக் கப்பி தருவதற்கு ஒப்பந்தம் செய்துகொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக் கைப்பதிவையும் பத்திரத்தில் வாங்கினார். அந்தப் பழக்கம் வளர்ந்து, விரல் ரேகை ஆளுக்கு ஆள் வேறு, ஆயுள் முழுதும் மாறாது என்ற ஞானமாய் முதிர்ந்தது.

ஆனால் ஆயிரக்கணக்கான ரேகைகளைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதுமா? வேண்டியதைத் தேடி எடுப்பது எப்படி? இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அஜீஸுல் ஹக் என்னும் கணித வல்லுநர். கல்கத்தாவில் போலீஸ் தலைவராய் இருந்த எட்வர்டு ஹென்றியிடம் வேலை பார்த்தவர். அவர் கண்ட வழியின் உயிர்நாடி வெகு எளியது. ஒவ்வொரு விரலும் ஒன்று சுழியாய் இருக்கும், அல்லது சுழி அல்லாததாய் இருக்கும். பத்து விரல்களுக்கு இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 வருகிறது. ஆகவே 1,024 அறைகள் உள்ள ஓர் அலமாரி இருந்தால், எந்த மனிதரின் ரேகைச் சீட்டும் இன்ன அறையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம்! அவரோடு உழைத்த ஹேம் சந்திர போஸ் இந்த முறையை மேலும் நுட்பமாக்கினார். 1897-ல் கல்கத்தாவில் உலகத்தின் முதல் விரல் ரேகை நிலையம் ஏற்பட்டது. லண்டன் ஸ்காட்லண்டு யார்டு அதைப் பின்பற்றியது 1901-ல்தான். இருந்தும் இன்றைக்கும் அந்த முறைக்கு 'ஹென்றி முறை' என்றே பெயர்!

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். நம் நாட்டில் 'கைநாட்டு' என்பது ஒரு வசைச் சொல். எழுதப் படிக்கத் தெரியாதவனை அப்படிச் சொல்லி இகழ்கிறோம். அதே கைநாட்டின் ஆழத்தில் இறங்கி, இரண்டு இந்தியர்கள் உலகம் முழுவதும் கைக்கொண்ட ஒரு சாஸ்திரத்தைக் கண்டார்கள்.

நமது சென்னைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. விஷத்தைக் கண்டறிவதற்கான ரசாயனப் பரிசோதகரின் சாலை இந்தியாவிலேயே முதன் முதலாக ஏற்பட்டது சென்னை ராஜதானியில், 1849-ல். இன்று மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டிய காமராஜர் சாலையில் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமை நிலையம் இருக்கிறது. அதன் இயக்குநராய் விளங்கிய பேராசிரியர் பி. சந்திரசேகரன், 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டபோது, சிதறிக் கிடந்த துணுக்குகளைச் சேர்த்துப் பார்த்து, குண்டு ஒரு பெண்ணின் உடலில் அணியப்பட்டிருந்தது என்பதை நிறுவினார். 2000-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. மும்பையில் மகாராஷ்டிர சர்க்காரின் தடய ஆராய்ச்சிச் சாலையைத் தலைமை ஏற்று நடத்தியவர் ருக்மணி கிருஷ்ணமூர்த்தி என்னும் பெண்மணி. இவர்கள் எவருடைய படத்திலும் புகை கக்கும் குடுவை இல்லை.

ராயபுரம் கரையில்

நம் ராயபுரத்தையே தொட்ட ஒரு வழக்கும் உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். 1952 ஆகஸ்டு மாதம், சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற போட் மெயிலில் கேட்பாரற்ற ஒரு பெட்டியை மானாமதுரையில் இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத ஓர் உடல். சில நாளில் ராயபுரம் கடற்கரை மணலிலிருந்து ஒரு தலை கிடைத்தது. இதுவே பிரசித்தி பெற்ற ஆளவந்தார் கொலை வழக்கு. பத்திரிகைகள் அதைப் பல மாதம் பேசின. பயங்கரமான விவரங்களை நாம் இங்கே எழுதப் போவதில்லை. குழந்தைகளுக்கு அவை வேண்டியதும் இல்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று.

மானாமதுரையில் அவசரமாய்ப் பார்த்தபோது, இறந்தவருக்கு வயது இருபத்தைந்து இருக்கலாம் என்று கருதினார்கள். அவர் இன்ன மதத்தினர் என்றும் ஊகித்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவப் பேராசிரியர் சி. பி. கோபாலகிருஷ்ணா நிதானமாய்ப் பரிசோதித்தபோது, இறந்தவர் நாற்பதைக் கடந்தவர் என்று தெரிந்தது. தலையும் உடலும் ஒருவருடையவையே என்பதும் விளங்கிற்று. ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் பணி புரிந்தவர்; அங்கே பதிவாகியிருந்த விரல் ரேகையோடு உடலின் ரேகை பொருந்திற்று. வயதைப் பற்றிய ஊகமும் தவறு. மதத்தைப் பற்றிய ஊகமும் தவறு. நிதானம் ஒன்றே சரியாய்ச் சொல்லிற்று.

நம் வீடுகளில் துப்பறியும் நாவல்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து நாம் படித்துப் பழகியிருக்கிறோம். அவற்றில் ஒரு மகா புத்திசாலி கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் அவிழ்ப்பார். தேவனின் துப்பறியும் சாம்புவோ புத்தி இல்லாமலே அதிர்ஷ்டத்தினால் அவிழ்ப்பார்! உண்மையான தடய விஞ்ஞானத்தில் மகா புத்திசாலியும் இல்லை, சாம்புவும் இல்லை. பலர் பல மேஜைகளில் உட்கார்ந்து, கண்டதை மட்டும் எழுதி, காணாததை எழுதாமல் விடும் உழைப்பே அது.

இத்தகைய உழைப்பை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். அலகேச கதையில் தொலைந்து போன ஒட்டகத்தை நால்வர் கண்ணால் காணாமலே வருணிக்கிறார்கள் அல்லவா? மூன்று காலடியே பதிந்ததால் நொண்டி. ஒரு பக்கத்து இலையையே மேய்ந்ததால் ஒரு கண் குருடு. அரசன் முதலில் அவர்களையே திருடர்கள் என்று சந்தேகிக்கிறான். அவர்கள் கோபிக்காமல், கண்ட தடயத்தைச் சொல்லித் தப்பினார்கள்.

சாக்கட்டி முதல் செருப்புத் தடம் வரை

இந்த வித்தையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்க லட்ச ரூபாய்ச் சாமான்கள் வேண்டும் என்று உபாத்தியாயர்கள் மலைக்க வேண்டாம்.

ஒரு சாக்கட்டியின் அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு போடுங்கள். கால் அங்குல ஆழத் தண்ணீரில் அதை நிறுத்துங்கள். தண்ணீர் மேலே ஏற ஏற, கறுப்பு மை நீலமும் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பிரிவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு சாயமும் தண்ணீரோடு ஓடும் வேகம் வேறு. அதனால் தனித் தனியே நிற்கின்றன. இரண்டு கம்பெனிகளின் கறுப்புப் பேனாக்களை எடுத்துச் சோதித்தால், கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றிய கறுப்பு இரண்டும் வேறு என்று தெரியும். பத்திரத்தில் ஒரு பூஜ்யத்தைப் பின்னால் சேர்த்தவன் அகப்படுவது இந்தத் தத்துவத்தினால்தான்.

அடுத்தபடி, எல்லாப் பிள்ளைகளின் பாத நீளத்தையும் உயரத்தையும் அளந்து கரும்பலகையில் எழுதுங்கள். பாதத்தின் நீளம் உயரத்தில் ஏறக்குறைய நூற்றில் பதினைந்து பங்கு இருக்கும். ஈர மணலில் பதிந்த ஒரு காலடியைக் காட்டி, "இவருடைய உயரம் என்ன?" என்று கேளுங்கள். சராசரி என்றால் என்ன, சராசரியிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு விலகுகிறார்கள் என்பதெல்லாம் அப்போது கணக்கு வாத்தியாரின் பிரம்பு இல்லாமலே விளங்கும். ஹக் கண்ட 1,024-ஐ வகுப்பிலேயே பெருக்கிப் பார்க்கலாம். ரசாயனம், உயிர் நூல், கணிதம் ஆகிய மூன்றும் ஒரே கதைக்குள் வந்துவிடுகின்றன. கண்டதை ஐயமற எழுதும் பழக்கத்தினால் தமிழ் நடையும் திருந்தும்.

தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக 2022-ல் 'வானவில் மன்றம்' ஏற்பட்டது. கருவிகளோடு பள்ளிக்கே வந்து பரிசோதனைகளைச் செய்து காட்டும் நல்ல ஏற்பாடு அது. அதில் இந்தத் தடயப் பாடங்களுக்கும் ஓர் இடம் கொடுத்தால் என்ன? மயிலாப்பூர் நிலையத்து நிபுணர் ஒருவர், ஆண்டுக்கு ஒரு முறையாவது வடசென்னைப் பள்ளி ஒன்றில் வந்து நின்று, "நானும் உங்களைப் போல் ஒரு சாதாரண மனுஷிதான்" என்று சொன்னால், எத்தனை மீசைகள் படங்களிலிருந்து உதிரும்!

இதில் பிழைப்புக்கும் வழி உண்டு. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் சென்று சான்றுகளைத் திரட்ட வேண்டும். இதைச் செயலுக்குக் கொண்டுவர ராஜ்யங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. அத்தனை நிபுணர்கள் எங்கிருந்து வருவார்கள்? இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளிலிருந்துதான் வர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

விளையாட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. வகுப்பில் கொலையும் ரத்தமும் வேண்டாம். காணாமற் போன ரோஸ் மில்க்கே போதும். உண்மையில் ஒரு பிள்ளையின் பேனா தொலைந்தால் அதைத் துப்பறியும் பாடமாக்கக் கூடாது. குழந்தைகளின் ரேகைகளைப் பாடம் முடிந்ததும் அவர்கள் கையிலேயே கொடுத்துக் கிழித்துப் போடச் செய்ய வேண்டும். பிறருடைய ரேகை நமக்குச் சொந்தமல்ல என்பதும் இந்தச் சாஸ்திரத்தின் ஒரு பாடமே.

எல்லாவற்றிற்கும் மேலாக, விஞ்ஞானமும் தவறக் கூடும் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2004-ல் ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டு வெடித்தது. அங்கே ஒரு பையில் கிடைத்த ரேகை அமெரிக்காவிலுள்ள ஒரு வக்கீலுடையது என்று அமெரிக்கத் துப்பறியும் நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அவர் இரண்டு வாரம் காவலில் இருந்தார். பிறகு ஸ்பெயின் போலீஸார் அந்த ரேகை வேறொருவருடையது என்று கண்டார்கள். அமெரிக்கச் சர்க்கார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. தவறியது ரேகை அல்ல, பார்த்தவர்களின் உறுதிதான். "ஒருவேளை நான் தவறியிருக்கலாமோ?" என்று தன்னையே கேட்டுக்கொள்பவரே நல்ல விஞ்ஞானி. தாத்தாவின் விரலை இன்னும் பார்க்கவில்லை என்று நினைவூட்டிய சிறுமி செய்ததும் அதுவே.

ஆயாவின் விரல்

அன்று நாம் புறப்படும் சமயத்தில் அந்தச் சிறுமி நம்மிடம் வந்தாள். "சார், எங்க ஆயா காசிமேட்டுல மீன் வெட்டுற வேலை செய்யுது. ரேஷன் கடை மெஷின்ல அது விரலை வெச்சா ரேகை விழவே மாட்டேங்குது. ரேகை அழிஞ்சே போயிடுமா சார்?" என்று கேட்டாள்.

உப்பும் பனிக்கட்டியும் கத்தியும் சேர்ந்து அந்த விரல்களைத் தேய்த்திருக்கின்றன. மூட்டை தூக்குகிறவர், சிமெண்டு கலக்கிறவர், பாத்திரம் துலக்குகிறவர் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. நாம் சொன்னோம்: "அழியாது அம்மா. தேய்ந்தது மேல்தோல்தான். தாயின் வயிற்றில் இருக்கும்போதே ரேகை அடித்தோலில் அமைந்துவிடுகிறது. சில நாள் ஓய்வு கொடுத்தால் அதே ரேகை மறுபடியும் மேலே வரும். உன் ஆயாவின் ரேகை உலகத்தில் வேறு எவருக்கும் இல்லை."

அவள் சற்று நேரம் யோசித்தாள். "ஓய்வுக்கு எங்க சார் போறது?" என்றாள்.

இதற்கு விஞ்ஞானத்தில் பதில் இல்லை. சர்க்காரும் சமூகமும் சொல்ல வேண்டிய பதில் அது. ஆனால் அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்கத் தெரிந்த குழந்தை நமது தேசத்துக்கு வேண்டியிருக்கிறது.

விஞ்ஞானிகள் எங்கேயோ தொலைதூரத்தில் பிறக்கிறார்கள் என்று எண்ணுகிறோம். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குப் பேரேடு எழுதிய குமாஸ்தாவின் பெயர் சீனிவாச ராமானுஜன். அவருக்கென்று ஓர் அருங்காட்சியகம் இதே ராயபுரத்தில் இருக்கிறது. பி. கே. ஸ்ரீநிவாசன் என்னும் கணித உபாத்தியாயர் 1993-ல் நிறுவியது. தாவர நூலில் உலகப் புகழ் பெற்ற ஜானகி அம்மாள் படித்தது நமது ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும். 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, கோயமுத்தூருக்கு வந்து கரும்பை ஆராய்ந்தார். இவர்கள் நடந்த தெருக்களில்தான் நம் குழந்தைகளும் நடக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து நண்பர் ஒரு காகிதத்தை நமக்கு அனுப்பியிருந்தார். அந்தச் சிறுமி மறுபடியும் ஒரு விஞ்ஞானியை வரைந்திருந்தாள். இந்த முறை மீசை இல்லை, குடுவை இல்லை. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், கையில் சிறு தூரிகையோடு ஒரு டம்ளரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு பையன் தலை நிமிர்ந்து நின்றான். படத்தின் மூலையில், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சில் கரியில் தோய்த்த ஒரு கட்டை விரலின் பதிவு இருந்தது.

அது யாருடைய கைநாட்டு என்று நாம் துப்பறியவில்லை. ஆனால் ரேகைகள் வெகுவாய்த் தேய்ந்திருந்தன.